பாக்குக்கு இருபது பிள்ளைகள் இருந்தால் என் வில்லுக்கு என்ன?

கேள்வி: ஒன்பது வருடமாக மேற்கத்திய வயலின் கற்கிறேன். வேலைக்கும் போவதால் தினமும் ஒன்றரை மணி நேரம்தான் பயிற்சிக்குக் கிடைக்கிறது. இப்போது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டாவும் (தனி வயலினுக்கான நடனத் தொகுப்பு) மொசார்ட்டின் ஐந்தாவது கான்செர்ட்டோவும் (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிப்பது) போய்க்கொண்டிருக்கின்றன. சுருதி சுத்தமாக இருக்கிறது, தாளம் பிசகுவதில்லை. ஆனாலும் “எல்லாமே ஒரே மாதிரி கேட்கிறது” என்கிறார் என் ஆசிரியர். இசை வரலாறு படிக்கச் சொல்லி ஒரு தடித்த புத்தகத்தையும் கொடுத்திருக்கிறார். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பாக்குக்கு இருபது பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டால் என் வில்லில் என்ன மாறப்போகிறது? அந்த நேரத்துக்கு ஸ்கேல் (சுரவரிசைப் பயிற்சி) வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா?

பதில்:

இருபது பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அதைத் தெரிந்துகொண்டு எவருடைய வாசிப்பும் மேம்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடியதற்காக வருத்தப்படவும் வேண்டாம். ஆனால் அதே பாக், 1720-இல் அந்தப் பார்ட்டிட்டாவைச் சுத்தப் பிரதியாக எழுதி முடித்த காலத்தில், வயலின்காரர்கள் கையில் இருந்த வில் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் நாளைக் காலையிலேயே உங்கள் வாசிப்பு மாறும். வரலாற்றில் எந்தப் பகுதி கைக்குப் போய்ச் சேரும், எது காதோடு நின்றுவிடும் என்று யாரும் உங்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான்.

முதலில் என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய குழுவில் வயோலாவுக்கு (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) ஆள் இல்லாமல், வயலின்காரனான என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’, வசந்த காலம், இரண்டாவது பகுதி. தனி வயலின் நீண்ட மெட்டு ஒன்றைப் பாடுகிறது, மற்ற வயலின்கள் கீழே முணுமுணுக்கின்றன, வயோலாவுக்கு ஒரே சுரம் இரண்டிரண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மெதுவான பகுதி, அழகான மெட்டு, நான் துணைக்கு இருப்பவன். நாகரிகமாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், பஞ்சு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை முடிந்ததும் பக்கத்தில் இருந்த செல்லோக்காரர் கேட்டார்: “உங்கள் நாய்க்கு உடம்பு சரியில்லையா?”

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்தக் கான்செர்ட்டோக்களோடு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை சேர்ந்திருக்கிறது. வசந்தத்தின் இரண்டாம் பகுதியில் ஆடு மேய்ப்பவன் பூத்த புல்வெளியில் தூங்குகிறான், இலைகள் சலசலக்கின்றன, விசுவாசமான நாய் பக்கத்தில் இருக்கிறது. தனி வயலின் அந்தத் தூக்கம், மற்ற வயலின்கள் இலைகள், வயோலாதான் நாய். குரைக்கிறது. எப்போதும் மிகப் பலமாக, பிய்த்தெடுத்த மாதிரி வாசிக்க வேண்டும் என்று விவால்டியே குறித்திருக்கிறார். என் கையில் இருந்த பிரதியில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. அடுத்த ஒத்திகையில் குரைத்தேன். அந்த இரண்டு சுரத்தில் வில்லின் எந்த இடம், எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிட்டது. ஒரு வாரம் ஸ்கேல் வாசித்திருந்தாலும் அந்த முடிவுக்கு நான் வந்திருக்க மாட்டேன்.

பழைய இசைக்குறிப்பு ஏறக்குறைய வீட்டுக்குள் எழுதி வைக்கிற சீட்டு மாதிரி. “அதை எடுத்து அங்கே வைத்துவிடு” என்று எழுதினால் வீட்டில் இருப்பவர்களுக்குப் போதும். வெளியாள் வந்து படித்தால் எதை, எங்கே என்று விழிப்பார். பாக்கும் மொசார்ட்டும் எழுதியது தங்களோடு இருந்தவர்களுக்கு. அந்த ஆட்களுக்கு வில் பிடிக்கவும், நடனத்தின் தாளம் எங்கே விழும் என்றும், ட்ரில்லை எந்தச் சுரத்தில் தொடங்குவது என்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனவே எழுதவில்லை. நாம் முந்நூறு வருடம் கழித்து வந்த வெளியாட்கள்.

இப்போது வில்லுக்கு வருகிறேன். உங்கள் “ஒரே மாதிரி”க்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்று உங்கள் கையில் இருக்கும் வில்லின் வடிவம் 1780-களில் பாரிஸில் பிரான்சுவா சேவியர் டூர்ட் என்ற கைவினைஞர் நிலைநிறுத்தியது. குச்சி உட்பக்கமாக வளைந்திருக்கும், நுனி கனமாக இருக்கும், மயிர் அகலமாகப் பட்டையாக இருக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே பலத்தோடு சத்தத்தை இழுத்துக்கொண்டு போக முடியும். அதற்கு முந்தைய வில் அப்படியில்லை. குச்சி நேராகவோ லேசாக வெளிப்பக்கம் வளைந்தோ இருக்கும், நுனிக்கு எடையே கிடையாது. சத்தம் கொஞ்சம் மெலிதாகத் தொடங்கி, நடுவில் திரண்டு, நுனிக்குப் போகும்போது தானாகவே தேய்ந்துவிடும். மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756-இல், அதாவது மகன் பிறந்த அதே வருடத்தில், ஒரு வயலின் பாடநூல் வெளியிட்டார். எவ்வளவு பலமாக எடுத்தாலும் ஒவ்வொரு சுரத்தின் ஆரம்பத்திலும் கேட்டும் கேட்காததுமான ஒரு மென்மை இருக்கும் என்று அதில் சொல்கிறார். அந்த வில்லை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அது விளங்கிவிடும்.

அந்த வில்லில் அடியிலிருந்து நுனிக்கு இழுக்கும் டவுன்-போ இயல்பாகவே கனம், நுனியிலிருந்து திரும்பி வரும் அப்-போ இயல்பாகவே இலேசு. உங்கள் ஒன்பது வருடப் பயிற்சியில் பாதி, இந்த இரண்டையும் வித்தியாசம் தெரியாமல் சமமாக்குவதிலேயே போயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பிரஹ்ம்ஸுக்கு அது வேண்டும். பாக்கின் அல்லமாண்டாவில் அதே சமத்துவத்தைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பதினாறாம் சுரமும் ஒரே எடையில் வரிசையாக விழும், தட்டச்சு இயந்திரம் மாதிரி. உங்கள் ஆசிரியர் காதில் விழுவது அதுதான்.

பழைய மாதிரி வில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வில்லையே ஃப்ராக்கிலிருந்து (அடியில் மயிரைப் பிடித்திருக்கும் கட்டை) நான்கு விரல் தள்ளி, குச்சியிலேயே பிடியுங்கள். எடையின் சமநிலை மாறிவிடும். அப்படியே அல்லமாண்டாவின் முதல் நான்கு பார்களை (தாளச் சுற்றுகளை) வாசியுங்கள். சத்தம் சின்னதாகும், சொற்கள் பிரிந்து கேட்கும். நீட்டி இழுக்க முயன்றால் வில் ஒத்துழைக்காது. பிறகு வழக்கமான பிடிக்குத் திரும்பி, அந்தப் பேச்சை மட்டும் தக்கவைத்துக்கொள்ளப் பாருங்கள். கஷ்டம்தான். என் மாணவர்களில் சிலருக்கு ஒரு மாதம் ஆனது, ஒருவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது, ஏனென்று எனக்கும் தெரியாது.

அடுத்தது நடனம். உங்கள் பார்ட்டிட்டாவில் இருப்பவை அல்லமாண்டா, கொரண்டே, சரபாண்டா, ஜீகா, கடைசியாக அந்தப் பெரிய சகோன். எல்லாமே நடனப் பெயர்கள். சரபாண்டின் கதை வேடிக்கையானது. ஸ்பெயினில் அது ஆபாசம் என்று சொல்லி 1583-இல் தடையே போட்டார்கள். நூறு வருடம் கழித்துப் பிரெஞ்சு அரண்மனையில் அதுவே மெதுவான, மிடுக்கான நடனமாகிவிட்டது. பாக்குக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வகை. அதன் அடையாளம் மூன்று தட்டுத் தாளத்தில் இரண்டாவது தட்டுக்கு விழும் கனம். இது தெரியாமல் முதல் தட்டை அழுத்தி வாசித்தால் மெதுவான வால்ட்ஸ் மாதிரி ஆகிவிடும்.

இப்போது சகோனின் முதல் வரியை எடுங்கள். பார் கோட்டைப் பாருங்கள். முதல் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எந்தத் தட்டில் விழுகிறது? இரண்டாவதில். முதல் தட்டு காலி. சரபாண்டின் நடைதான் இதுவும். நிறையப் பேர், பெரிய மேடைகளில் வாசிப்பவர்கள்கூட, அந்த முதல் கார்டை ஓங்கி அடித்துத் தொடங்குவார்கள். கேட்பவர் அதையே முதல் தட்டு என்று எடுத்துக்கொள்கிறார். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே ஒரு தட்டு தள்ளி நிற்கும். நீங்கள் தொடங்குவதற்கு முன் அந்தக் காலியான முதல் தட்டை மூச்சாக எடுங்கள், இரண்டில் கார்ட் விழட்டும். வயலினைக் கீழே வைத்துவிட்டு அறையில் நடந்தபடி இரண்டாவது எட்டில் உடம்பை நிறுத்திப் பாருங்கள். காலுக்குப் புரிந்த பிறகு கைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சகோன் என்றதும் உங்களிடம் யாராவது ஒரு கதையும் சொல்லியிருப்பார்கள். 1720 ஜூலையில் பாக் வெளியூரில் இருந்தபோது அவருடைய முதல் மனைவி மரியா பார்பரா இறந்துபோனார், திரும்பி வந்தவர் அந்தத் துக்கத்தில் சகோனை எழுதினார் என்று. மரணம் உண்மை. அவர் அப்போது ஊரில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் சகோன் அந்தத் துக்கத்தில்தான் பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்கு இந்தக் கதை பிடிக்காமல் போனதற்குக் காரணம் வேறு. இதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முதல் பாரிலிருந்தே விம்முகிறார்கள், வேகம் பாதியாகிறது, நடனம் செத்துவிடுகிறது. கைக்கு ஒன்றும் சொல்லாத கதையை மனதில் போட்டு ஊறவைத்தால் இப்படித்தான் ஆகும்.

வாழ்க்கைக் கதை எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோவில் அது நேராக வில்லுக்கே வருகிறது. நியூயார்க்கில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவியின் சகோதரி ஜோசஃபீனா நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. இளமையில் அவர்மேல் டுவோர்ஷாக்குக்குக் காதல் இருந்தது. அந்த அம்மாவுக்குப் பிடித்த தன் பாட்டு ஒன்றின் மெட்டை இரண்டாவது பகுதியில் வைத்தார். 1895 மே மாதம் ஜோசஃபீனா இறந்ததும் கடைசிப் பகுதியின் முடிவைத் திருத்தி எழுதி அந்தப் பாட்டை அங்கேயும் திரும்பக் கொண்டுவந்தார். யாருக்காக எழுதினாரோ அந்தச் செல்லோக்காரர் ஹனுஷ் விஹான் அங்கே ஒரு கடென்சா (தனியாக வாசித்துத் திறமை காட்டும் பகுதி) போட விரும்பினார், டுவோர்ஷாக் முடியாது என்று சொல்லிவிட்டார். இது தெரிந்த செல்லோக்காரர் அந்த இடத்தில் திறமையைக் காட்ட மாட்டார். இங்கே கதை எந்த பாரில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. சகோன் கதை அப்படி எதுவும் சொல்வதில்லை.

உங்கள் மொசார்ட் 1775 டிசம்பரில் எழுதியது, அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. அதே வருடத்தில் அவருடைய இரண்டு ஆப்பராக்கள் மேடையேறியிருந்தன, ஒன்று ஜனவரியில், இன்னொன்று ஏப்ரலில். இப்போது முதல் பகுதியில் உங்கள் நுழைவைப் பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ரா துள்ளிக் குதித்து முடிக்கிறது, எல்லோரும் நீங்களும் துள்ளி வருவீர்கள் என்று எதிர்பார்க்கும்போது திடீரென்று அடாஜியோ. மேடையின் சலசலப்பு அடங்கி, ஒரு பாடகி மெதுவாக நடந்து வந்து வாயைத் திறக்கிற கணம் அது. பாடகி எப்படி மூச்சு எடுப்பாளோ அப்படி வில்லைத் தந்தியில் வையுங்கள். ஸ்லர் (சுரங்களை ஒரே வில்லில் சேர்க்கும் வளைகோடு) வரும் இடங்களில் அப்பா லியோபோல்டின் பேச்சைக் கேளுங்கள்: சேர்த்து எழுதிய சுரங்களில் முதலாவதுக்குக் கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் நீளம், மற்றவை அதிலிருந்து தேய்ந்து வரட்டும். இந்த ஒரே விதியை ஒரு பக்கத்துக்குப் பயன்படுத்தினால் போதும், வாசிப்பு பேசத் தொடங்கும்.

கடைசிப் பகுதியில் ‘துருக்கி’ இடம் வரும், தாளம் இரண்டாக மாறி ஏ மைனருக்குப் போகும் இடம். ஒட்டோமான் படையின் வாத்தியக் குழுவைப் போலி செய்வது அன்றைய வியன்னா மோஸ்தர். செல்லோக்களும் டபுள் பாஸ்களும் வில்லைத் திருப்பிக் குச்சியால் தந்தியைத் தட்ட வேண்டும் என்று மொசார்ட் எழுதியிருக்கிறார். பின்னால் அவ்வளவு கலாட்டா நடக்கும்போது நீங்கள் மட்டும் பட்டுக் கையுறை போட்டுக்கொண்டு வாசித்தால் எடுபடாது.

விப்ரேட்டோ (தந்தியில் விரலை ஆட்டிச் சுரத்தை அசைப்பது) விஷயத்தில் வரலாறு ஒரே குரலில் பேசாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1751-இல் லண்டனில் வயலின் கலைஞர் ஜெமினியானி எழுதிய நூல் அதை முடிந்தவரை அடிக்கடி பயன்படுத்தச் சொல்கிறது. ஐந்தே வருடம் கழித்து லியோபோல்ட், எல்லாச் சுரத்திலும் கையை ஆட்டுகிறவர்களை நடுக்குவாதம் வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று கிண்டல் செய்கிறார். ஆகவே “பரோக் (பாக், விவால்டி காலத்து இசை) என்றால் விப்ரேட்டோவே கூடாது” என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: பழைய காலத்தில் அது சில சுரங்களுக்குப் போடும் அலங்காரம். 1903-இல் பதிவான யோவாக்கிமின் இசைத்தட்டுகளைக் கேளுங்கள். பிரஹ்ம்ஸின் நெருங்கிய நண்பர், அவருடைய கான்செர்ட்டோவை 1879-இல் முதன்முதலில் வாசித்தவர், அவர் கையிலேயே விப்ரேட்டோ எவ்வளவு சிக்கனம் என்று தெரியும். விடாமல் ஆட்டுவது வயலின் கலைஞர் க்ரைஸ்லர் போன்றவர்களுக்குப் பிறகு பரவிய இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். நீங்கள் அதைத்தான் கற்றிருப்பீர்கள், நானும் அதைத்தான் கற்றேன். ஒரு பக்கம் முழுவதும் விப்ரேட்டோ இல்லாமல் வாசித்துவிட்டு, எந்த ஐந்து சுரங்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள்.

பென்சில் என்றதும் ஒரு பழைய அவமானம் ஞாபகம் வருகிறது. ஒரு தேர்வில் பாக் வாசித்து முடித்தேன். தேர்வாளர் ஒரு ஸ்லரைக் காட்டி, இதை யார் போட்டது என்று கேட்டார். பாக் என்றேன். புன்னகைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் ஒருவர் தன் காலத்து ருசிக்குச் சேர்த்தது அது. வயலின்காரர்களுக்கு நல்ல காலம், உங்கள் பார்ட்டிட்டா உட்படத் தனி வயலினுக்கான ஆறு படைப்புகளுக்கும் பாக் கைப்பட எழுதிய பிரதி பெர்லினில் இருக்கிறது, அதன் படங்கள் இணையத்தில் இலவசம். செல்லோக்காரர்கள் பாவம். அவர்களுடைய சூட்களுக்கு (நடனத் தொகுப்புகளுக்கு) பாக் கைப்பிரதி கிடைக்கவில்லை, இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவின் நகல்தான் முக்கிய ஆதாரம். அதில் ஸ்லர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றுவரை சண்டை. நீங்கள் அந்தக் கைப்பிரதியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தாலே போதும். கோடுகள் நேராக இல்லை, அலை மாதிரி வளைந்து போகின்றன. அச்சில் தெரியாத நடை அந்த எழுத்தில் தெரியும்.

வரலாறு என்ற பெயரில் ஏமாந்த கதைகளும் உண்டு. நான் மேலே சொன்ன க்ரைஸ்லர், பழைய ஆசான்களின் கைப்பிரதிகளிலிருந்து எடுத்தவை என்று சொல்லி வருடக்கணக்கில் பல துண்டுகளை வாசித்தார். 1935-இல், எல்லாம் நானே எழுதியவை என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர்களுக்குக் கோபம். அவற்றில் பதினெட்டாம் நூற்றாண்டு வயலின்காரர் புக்னானி பெயரில் வந்த பிரலூடியமும் அலெக்ரோவும் எப்படியும் உங்கள் பாடத்தில் ஒருநாள் வரும். அப்போது பதினெட்டாம் நூற்றாண்டு வில்லைத் தேட வேண்டாம், அது இருபதாம் நூற்றாண்டுப் பையனின் நாடகம், நிறைந்த சத்தத்தோடும் தாராளமான விப்ரேட்டோவோடும் வாசியுங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்கேலை விடச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்திலிருந்து எதையும் வெட்ட வேண்டாம். அந்தத் தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதை நிறுத்திவிடுங்கள், பின்னால் உள்ள அகரவரிசையில் ‘சரபாண்ட்’ என்று தேடி அந்த மூன்று பக்கத்தை மட்டும் படியுங்கள். புதிய துண்டு ஒன்று கைக்கு வரும்போது அது ஆடவா, பாடவா, சண்டை போடவா, எந்த வில்லுக்கு எழுதியது, என் பிரதியில் இருக்கும் குறிகளை யார் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படித்த விஷயம் ஒரு பாரிலாவது கையை மாற்றினால் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். மாற்றவில்லையென்றால் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்க உதவும், அதுவும் வேண்டியதுதான்.

மொசார்ட்டுக்கு எந்தக் கடென்சா வாசிக்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. அவர் வயலின் கான்செர்ட்டோக்களுக்கு எழுதிய கடென்சா எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் யோவாக்கிமுடையதை எடுக்கிறார்கள், நல்ல கடென்சா, ஆனால் நூறு வருடம் பிந்திய மொழி. சொந்தமாக ஒன்று எழுதிப் பார்க்கும் ஆசை இருந்தால் 1752-இல் புல்லாங்குழல் கலைஞர் க்வான்ட்ஸ் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகரும் ஊதுகிறவரும் ஒரே மூச்சுக்குள் கடென்சாவை முடித்துவிட வேண்டும், தந்தி வாத்தியக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் சுருக்கமாக முடித்தால் அவருக்கே நல்லது என்கிறார். எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.